மூன்றாவது குவளைக்கு என்ன மதிப்பு?

 

ரமளான் மாதத்தில் மஃரிபு பாங்கு ஒலித்ததும் நோன்பாளி ஒருவர் பேரீச்சம்பழம் ஒன்றை வாயிலிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் அருந்துகிறார். பகலெல்லாம் வறண்டு கிடந்த தொண்டைக்கு அம்முதற் குவளை தரும் இதத்தை விலை சொல்லி அளந்துவிட இயலுமா? இரண்டாவது குவளையும் இனிக்கவே செய்கிறது. ஆயினும் முதலாவதைப் போலன்று. மூன்றாவதை வற்புறுத்தினால்தான் வாங்குவார். நான்காவதை நீட்டினால் கையால் தடுத்துவிடுவார். தண்ணீர் அதே தண்ணீர்தான். குறைந்தது தண்ணீரின் குணமன்று, அருந்துவோரின் தேவையே.

நோன்பு நோற்போர் அனைவரும் நாள்தோறும் உணரும் இவ்வுண்மையைத்தான் பொருளியல் அறிஞர்கள் ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என அழைக்கின்றனர். மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் பயிலும் உங்கள் பிள்ளைகளுக்கு இது பழக்கமான பெயரே. ஒரு பொருளை மேலும் மேலும் பெறும்போது, புதிதாய்ச் சேரும் ஒவ்வோர் அலகும் முன்னதைவிடக் குறைந்த நிறைவையே தரும் என்பது அதன் சாரம்.

இதனை 1854ஆம் ஆண்டு விரிவாக எழுதியவர் கோசன் என்னும் ஜெர்மானியர். அரசுப் பணியில் இருந்து விலகிய அவர் வெளியிட்ட நூல் விலைபோகவில்லை. மனம் நொந்து எஞ்சிய படிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர், 1858இல் மறைந்தார். பின்னர் வந்த அறிஞர்களே அவரது பெருமையை உலகறியச் செய்தனர்.

இவ்விதி ஒரு பழைய புதிரையும் விடுவித்தது. உயிர் காக்கும் தண்ணீர் மலிவாகவும், அழகுக்கு மட்டுமே உதவும் வைரம் விலையுயர்ந்தும் இருப்பது ஏன் என 1776இல் ஆடம் ஸ்மித் தம் நூலில் வியந்தார். விடை எளிது. தண்ணீர் நிறைய இருப்பதால், கடைசியாகக் கிடைக்கும் ஒரு குடத்தின் மதிப்பு சிறிது. வைரம் அரிதாகையால் ஒரு கல்லின் மதிப்பும் பெரிது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னை மக்கள் லாரித் தண்ணீருக்காகக் குடங்களுடன் காத்து நின்றபோது, ஒரு குடத்தின் அருமை எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை.

சரி, இல்லம் நடத்தும் நமக்கு இதனால் ஆவதென்ன?

மார்ஷல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1890இல் வெளியிட்ட நூலில் ஓர் இல்லத்தரசியைக் காட்டுகிறார். அவளிடம் இருப்பது அளவான கம்பளி நூல். அதைக் கொண்டு காலுறைகளும் பின்னவேண்டும், உள்ளாடைகளும் பின்னவேண்டும். எல்லாம் முடிந்தபின், “காலுறைக்கு இன்னும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாமே” என்று அவள் வருந்த நேர்ந்தால், பங்கீடு பிழைத்துவிட்டது என்று பொருள். எந்தப் பக்கம் மாற்றினாலும் நிறைவு கூடாது என்னும் நிலையே சரியான பங்கீடு. நம் கையிலுள்ள ரூபாயும் அந்த நூலைப் போன்றதே.

பெருநாளுக்குத் துணியெடுக்கச் செல்கிறோம். மகளுக்கு இரண்டு உடைகள் வாங்கியாயிற்று. மூன்றாவதையும் கை தேடுகிறது. வீட்டிலோ, குர்ஆன் ஓத எழுத்துத் தெரியாமல் பழைய மூக்குக் கண்ணாடியுடன் போராடுகிறார் பாட்டியம்மா. “பிள்ளைக்கு வாங்குவது தவறா?” என்று கேட்பது பொருந்தாது. முதல் உடை தவறன்று; இரண்டாவதும் தவறன்று. “இந்த மூன்றாவது உடையின் பணம் வேறெங்கு சென்றால் அதிக நன்மை விளையும்?” என்பதே கேட்கவேண்டிய கேள்வி. பொருளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த ரூபாயைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைக்காரர் இவ்விதியை நம்மினும் நன்றாக அறிவார். “இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்” என்று ஏன் எழுதி வைக்கிறார்? மூன்றாவதற்கு நாம் முழு விலை தரமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். ஒன்று போதுமென்று சென்றவர் அந்த இலவசத்துக்காக இரண்டுக்கு விலை கொடுத்துத் திரும்பினால் இலாபம் யாருக்கு?

கணவர் வளைகுடா நாட்டில் உழைக்க, இங்கே குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கிருந்து வரும் பணத்தில் அரிசியும் மருந்தும் பள்ளிக் கட்டணமும் வாங்கும் முதல் ரூபாய்களின் பயன் மிகப் பெரிது. திறக்கப்படாத பெட்டியில் கிடக்கும் பத்தாவது பட்டுப் புடவையின் பயன் மிகச் சிறிது. ஆனால், அதை ஈட்ட அவர் வெயிலில் நின்ற ஒரு நாள், மற்ற நாள்களைவிடச் சிறியதன்று. அந்தப் பணம் சேமிப்பாகியிருந்தால் அவர் ஊர் திரும்பும் நாள் சற்று முன்னே வந்திருக்கும். இக்கணக்கை இருவரும் அமர்ந்து பேசுவது நலம்.

“ஒவ்வொரு பொருளும் அலுக்குமென்றால், மனிதனின் ஆசை மட்டும் ஏன் அடங்குவதில்லை?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பொருள் அலுத்ததும் மனம் வேறொன்றுக்குத் தாவுகிறது. பணமோ எல்லாவற்றையும் வாங்கித் தருவதாய் ஆசை காட்டுகிறது. செல்வம் நிறைந்த இரண்டு ஓடைகள் கிடைத்தாலும் மனிதன் மூன்றாவதைத் தேடுவான் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தமை புகாரியில் பதிவாகியுள்ளது. பொருளுக்கு எல்லை உண்டு. ஆசைக்கு நாமே எல்லை வகுக்கவேண்டும். வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையில் செலவிடுவோரை அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் சிறப்பித்துக் கூறுகிறது.

ஒருவரது நிறைவை மற்றவரது நிறைவோடு அறிவியல் முறையில் அளந்து ஒப்பிட முடியாது என்று 1932இல் இராபின்ஸ் என்னும் பொருளியலாளர் வாதிட்டார். ஏட்டளவில் அது வலுவான வாதமே. ஆனால், பசித்திருந்தவனுக்குப் பசியைப் பற்றிச் சான்று வேண்டுவதில்லை. இப்தார் விரிப்பில் ஐந்தாவது சமோசா நமக்கு வயிற்றுச் சுமை. தெருக்கோடி வீட்டில் அதுவே ஒரு பிள்ளையின் முதல் கவளம். நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத் வழங்கும்போது, நம்மிடம் சிறிதாகிவிட்ட ரூபாய் ஏழையின் கரத்தில் பெரிதாகிறது. ஸகாத் ஏழையின் உரிமை. அதை நம் பெருந்தன்மை என எண்ணிவிடலாகாது.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை பணப்பையைத் திறக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எனக்கு எத்தனையாவது? இப்பணத்துக்காக வீட்டில் காத்திருக்கும் வேறு தேவை எது? வீட்டுக்கு வெளியே காத்திருப்பவர் யார்?

முதற் குவளையின் அருமையை மறவாத மனத்தையும், மூன்றாவதை அயலாருக்கு நீட்டும் கரத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.