கடலோரக் கோயிலும் கருவறைக் கதவும்

ஆலங்குளத்திலிருந்து கிளம்புகிறார்கள். இடுப்பிலே பச்சை வேட்டி, தோளிலே காவடி, உதட்டிலே அரோகரா! இராசபாளையத்தார் வருகிறார்கள், திருவில்லிபுத்தூரார் சேருகிறார்கள். நாள்கணக்கில் நடந்து, கால் கொப்பளித்து, திருச்செந்தூர்க் கடலைக் காண்கிறார்கள். காட்டிலே பாடுபடுவோர், ஆலையிலே அலுப்போர். அத்தனை பேரும் நம்மவர்!

நடப்பவரை நாம் ஏளனம் செய்யவில்லை. அவர்களுக்காகத்தான் கேட்கிறோம்: கால் தேய வந்தவனின் மகன், கற்கவேண்டியதைக் கற்றுத் தேறிய பின்னும், கருவறைக்குள் கால் வைக்கக் கூடாதா?

திருச்செந்தூரின் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு ஒரு கதை உண்டு. கட்டிய உழைப்பாளிக்குக் கூலி கொடுக்கக் காசில்லையாம், பன்னீர் இலையில் திருநீறு மடித்துத் தந்தார்களாம், அது பொன்னாயிற்றாம்! நம்புவோர் நம்பட்டும். ஆனால், கல் சுமந்தவன் யார் என்பதைக் கதையும் மறைக்கவில்லையே!

1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. கோயிற் கதவு திறந்தது. கருவறைக் கதவோ திறக்கவில்லை. 1970-இல் கலைஞர் அரசு சட்டம் செய்து, வாரிசு வழி அர்ச்சகர் முறையை ஒழித்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆனால் ஆகமம் எனும் வேலியை விட்டுவைத்தது. 1973-இல் பெரியார் மறைந்தார், நெஞ்சிலே அந்த முள்ளோடு!

2006-இல் மீண்டும் ஆணை பிறந்தது. அனைத்துச் சாதியினருக்கும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் ஆறு அமைந்தன. அவற்றுள் ஒன்று இதே திருச்செந்தூரில்! இருநூறுக்கு மேற்பட்ட இளைஞர் தேறினர்.

ஆகமம் தெரியுமா? தெரியும். மந்திரம் வருமா? வரும். தீட்சை உண்டா? உண்டு. கடைசிக் கேள்வி எது தெரியுமா? “நீ யார் வீட்டுப் பிள்ளை?”

வழக்கு வளர்ந்தது, வயது கரைந்தது. 2021 ஆகத்து 14 அன்று, அந்தப் பள்ளிகளில் படித்த 24 பேர் தளபதி ஸ்டாலின் கையால் பணி ஆணை பெற்றனர். மகிழ்கிறோம். மறுக்கவில்லை. ஆனால் இருநூறு எங்கே, இருபத்து நான்கு எங்கே?

2025 சூலை 7 அன்று திருச்செந்தூரில் குடமுழுக்கு நடந்தது. கடற்கரை தெரியாத அளவு மக்கள் கடல்! அக்கடலைப் பார்த்து எவரும் சாதி கேட்கவில்லை. உண்டியலும் கேட்பதில்லை. கருவறை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

சலுகை கேட்கவில்லை நாம். சான்றிதழுக்கு மதிப்புக் கேட்கிறோம். காலியாகும் இடத்திலே கற்றவன் அமரட்டும். ஆலங்குளத்துக் கால்கள் அடுத்த ஆண்டும் நடக்கும். அந்தக் கால்களுக்கு ஒரு வாசற்படிதான் மிச்சம். அதையும் கடப்போம்!