குதிரைக்கு நாம் பட்ட கடன்

வரப்பில் நடப்பவரைக் கண்ணாடி விரியன் கடிக்கிறது. அரசு மருத்துவமனையில் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். ஆள் பிழைத்ததும் டாக்டரைக் கும்பிடுகிறோம். குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறோம். அந்த மருந்தைத் தன் ரத்தத்தில் உண்டாக்கித் தந்த குதிரையை நாம் நினைப்பதே இல்லை.

1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் வகுத்த முறைதான் அடிப்படையில் இன்றும் தொடர்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குதிரைக்கு ஊசியாகப் போடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி திரண்டதும் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். ஊசி போட்ட இடம் கட்டியாகிச் சீழ் வைக்கும். அளவு மீறி எடுத்தால் சோகை பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் ஊசி வாங்கிய குதிரைகளுக்கு ஈரலில் அமிலாய்டு புரதம் படிந்து, ஈரல் கிழிந்து சாவதும் உண்டு.

இந்த வேதனையைக் குறைக்க வழி இருக்கிறது. பிளாஸ்மாவை மட்டும் பிரித்துக்கொண்டு சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றலாம். உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கிறது. எந்தப் பண்ணையில் அப்படிச் செய்கிறார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை. மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தோம். அந்த விலைக்குள் குதிரையின் தீவனமும் வைத்தியமும் ஓய்வும் அடங்குமா என்று கேட்கவில்லை.

இந்த மருந்துக்குப் பாம்பு நஞ்சு எடுத்துத் தரும், வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தையே நாம் தாமதமாகத்தான் கண்டுகொண்டோம். அதைச் சேர்ந்த பாம்புபிடி வல்லுநர்கள் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல்தான் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஐயனாருக்குப் புரவி எடுத்து மண்குதிரைக்கு மாலை போடுகிற நாம், உயிருள்ள குதிரையை இன்னும் கண்கொண்டு பார்க்கவில்லை.

குதிரையைப் பற்றிப் பேசினால் மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று சொல்லியே வாயை மூடிக்கொண்டோம். நோயில் நலிந்த குதிரையிடமிருந்து வீரியமான மருந்தை எதிர்பார்க்க முடியாது என்பதை யோசிக்கவில்லை. குதிரையைக் கைவிட்டது, பாம்பு கடித்தவரையும் கைவிட்டதுதான்.

ஆய்வகத்திலேயே எதிர்ப்புப் புரதம் உருவாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அவை குப்பிக்கு வரும்வரை நமக்குக் குதிரைதான் கதி. ஒவ்வொரு குதிரையின் ரத்த அளவு, ரத்தம் எடுத்த நாள், ஓய்வுபெற்ற பின் அது போன இடம் எல்லாம் பொதுவெளிக்கு வர வேண்டும். அதற்காக மருந்தின் விலை சற்றுக் கூடினால், அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். இதைக் கேட்காமல் இருந்தது நம் குற்றம், இனியாவது கேட்போம்.