உங்கள் இடுப்பு எங்கேயும் விலகிப் போகவில்லை

ஏப்ரலில் பனி கரைந்ததும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கால்வாய்க் கரையில் ஓடுகிறவர்களின் தொகை திடீரென்று கூடும். ஜோன் அபட் பிள்ளைகள், மக்கில் மக்டொனால்ட் வளாகத்துப் பிள்ளைகள், மே கடைசியில் ஒட்டாவாவில் ஓடப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் வருவார்கள். மே நடுப்பகுதியில் பார்த்தால் அதில் பலர் நொண்டுவார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் ஒரே பதில்தான்: "ஒஸ்ரியோபாத்திட்டப் போனனான் அண்ணா. இடுப்பு விலகியிருக்காம், ஒரு கால் கட்டையாம். ஆறு தரம் வரச் சொல்லியிருக்கு."

இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

இடுப்பெலும்பு அப்படி லேசில் விலகுகிற சாமான் இல்லை. அது முதுகெலும்பின் அடியோடு சேருகிற மூட்டு மிக இறுக்கமானது. ஒருசில பாகைக்கு மேல் அசையாது. 1998இல் சுவீடனில் இதை அளந்தே பார்த்தார்கள். பத்து நோயாளிகளின் எலும்புக்குள் நுண்ணிய உலோகக் குண்டுகளைப் பதித்து, மூட்டைக் கையால் "சரிசெய்வதற்கு" முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொட்டுப் பார்த்தவர்களின் கைக்கு எல்லாம் நேராகிவிட்டதாகத் தெரிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

தொடுவதால் சுகம் வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. வரும். ஆனால் எவ்வளவு? பிரான்சில் 400 முதுகுவலிக்காரரைக் கொண்டு உண்மையான ஒஸ்ரியோபதியையும் சும்மா தொடுவதையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. வித்தியாசம் இருந்தது. நோயாளியின் வாழ்க்கையில் பெரிதாகத் தெரியாத அளவுக்குச் சின்ன வித்தியாசம். அது முதுகுக்கு. ஓட்டக் காயத்தை முன்கூட்டியே தடுப்பதற்கு மாதம் ஒருமுறை "செக்கப்" என்று விற்கிறார்களே, அதற்கு ஆதாரம் கேட்டுப் பாருங்கள். சிரிப்புத்தான் பதிலாக வரும்.

எங்கள் ஆட்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அம்மம்மா ஊர்ப் பரியாரியாரின் நோவெண்ணெயைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறோம். ஒஸ்ரியோபதியை 1874இல் அமெரிக்காவில் தொடங்கிய அன்ட்ரூ ரெய்லர் ஸ்ரில் என்பவரும் தன்னை எலும்பு பொருத்துகிறவர் என்று விளம்பரம் செய்து திரிந்தவர்தான். அதே வேலையைப் பிரெஞ்சுப் பெயர்ப்பலகைக்குக் கீழே நூறு டொலருக்குச் செய்தால் விஞ்ஞானம் ஆகிவிடுகிறது! இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவில் ஒஸ்ரியோபதி பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், சத்திரசிகிச்சை செய்வார். இங்கே அப்படி இல்லை. நான் இதை எழுதும்போது கியூபெக்கில் ஒஸ்ரியோபாத்துகளுக்கென்று ஒரு தொழில்சார் சபைகூட இல்லை. பிசியோவுக்கு இருக்கிறது. பிழை நடந்தால் அங்கே முறைப்பாடு செய்யலாம், விசாரிப்பார்கள். பிசியோவிடம் போக மருத்துவரின் கடிதமும் சட்டப்படி தேவையில்லை.

"காப்புறுதி காசு தருகுதுதானே?" என்று கேட்பீர்கள். தரும். வாடிக்கையாளர் விரும்பிக் கேட்பதால் தரும். அது வைத்தியச் சான்று இல்லை. (பிசியோக்களைக் கும்பிடச் சொல்லவும் இல்லை. "இடுப்பு விலகல்" கதை சொல்கிற பிசியோவையும் கண்டிருக்கிறேன்.)

சரி, ஏன்தான் நோகிறது? பொறியியல் படித்தவனுக்கு இது பழகிய கணக்கு. அரை மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய ஐயாயிரம் அடி. ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு சுமை. ஓர் இரும்புச் சட்டம் ஒரே அடியில் முறியாது, திரும்பத் திரும்ப வருகிற சுமையில்தான் வெடிப்பு விடும். எலும்புக்கு இரும்பைவிட ஒரு நன்மை: தன்னைத் தானே திருத்தும். ஆனால் திருத்துவதற்கு முதலில் பழுதான பகுதியை அகற்றும், பிறகுதான் புதிதாகக் கட்டும். இடைப்பட்ட கிழமைகளில் அது முன்பைவிடப் பலவீனம். உங்கள் மூச்சு சில கிழமையில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மாதக்கணக்கு எடுக்கும். ஏப்ரலில் நடக்கிற விபத்து இதுதான்.

"வாரத்துக்குப் பத்து வீதம் கூட்டினால் காயம் வராது" என்ற விதியையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். நெதர்லாந்தில் 532 புது ஓட்டக்காரரிடம் அதைச் சோதித்தார்கள். மெதுவாகக் கூட்டிய குழுவிலும் மற்றக் குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். மந்திர எண் இல்லை, உங்கள் காலைத்தான் கேட்க வேண்டும்.

அதை எப்படிக் கேட்பது என்று எங்கள் மாகாணத்திலேயே பார்த்திருக்கிறார்கள். லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழங்கால் சில்லு நோவுள்ள 69 ஓட்டக்காரரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுமையை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மற்ற இரண்டுக்கும் அதோடு உடற்பயிற்சி அல்லது ஓட்டமுறைத் திருத்தம். 2018இல் வெளிவந்த முடிவு: மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரேயளவு தேறின. சொல்லிக் கொடுத்தது இதுதான்: குறைய ஓடு, மெல்ல ஓடு, அடிக்கடி ஓடு. இறக்கத்தையும் படியையும் கொஞ்ச நாள் விடு. ஓடும்போது நோ பத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது, ஓடி முடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். இதற்கு யாரும் உங்களைக் கட்டிலில் படுக்க வைக்கத் தேவையில்லை.

காசு போனது மட்டுமென்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எங்களோடு ஓடுகிற தங்கச்சி ஒருத்தி, செஜெப் முதலாம் ஆண்டு. குளிர்காலம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஒரே மாதத்தில் வாரம் நாற்பது கிலோமீற்றருக்குப் போனாள். முன்னங்கால் எலும்பில் ஒரு காசு அளவு இடத்தில் நோ. அவள் போன இடத்தில் முதல் நாள் இடுப்பைச் சரிசெய்தார்கள், பிறகு உதரவிதானத்தை, நாலாம் தரம் மண்டையோட்டை. (மண்டையோட்டு ஒஸ்ரியோபதி பற்றிய ஆய்வுகளை 2016இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். நம்பத்தக்க சான்று ஒன்றும் அகப்படவில்லை.) "மெல்ல ஓடலாம்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பில் வெடிப்பு. கோடை முழுக்கப் பூட்ஸ் போட்டு நடந்தாள். போன ஆறு கிழமையில் எவ்வளவு ஓடினாய், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, மாதவிடாய் நின்றதா என்று அந்த நாலு தரத்தில் ஒருமுறைகூட யாரும் கேட்கவில்லை.

ஆகவே தம்பி தங்கச்சிமார், நோகிற இடத்தை ஒரு விரல் நுனியால் காட்ட முடிந்தால், அது எலும்பின் மேலே இருந்தால், ஒற்றைக் காலில் துள்ளும்போது குத்தினால், இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், அன்றைக்கே ஓட்டத்தை நிற்பாட்டுங்கள். கவட்டிலோ இடுப்பின் முன்பக்கத்திலோ ஆழமாக நொந்தால் இன்னும் கெதியாக. மருத்துவரிடம் போய் "எலும்பில் வெடிப்பு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள். முதல் கிழமைகளில் வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம்.