பாம்புக்கு யார் வழி வைத்தது?

"வீட்டைச் சுத்தமா வச்சிக்கிட்டா பாம்பு ஏன் சார் வருது?" வங்கியில் என் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார். நோட்டு எண்ணுகிறவன் நான். இதற்கும் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

பாம்பு எலிக்கு வருது. எலி குப்பைக்கு வருது. மாநகரம் தன் குப்பையைப் பள்ளிக்கரணைச் சதுப்பில், பெருங்குடியில் கொட்டியது. ஆற்றங்கரைகளிலிருந்து பிடுங்கிய சனங்களையும் 2000 முதல் அந்தப் பக்கமே கொண்டுபோய்க் கொட்டியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாலோர் தலித்துகள். 2022இல் சதுப்புக்கு ராம்சர் அந்தஸ்து வந்தது. நல்லது. பறவைக்குக் கிடைத்த மரியாதை மனுசனுக்கு எப்போ?

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில் தரையில் படுத்தவரைத்தான் கடிக்கும். பல நேரம் வலிகூடத் தெரியாது. கட்டிலில் படு, கொசுவலையைச் சொருகு என்கிறார்கள். சரிதான். ஒற்றை அறையில் ஐந்து பேருக்குக் கட்டிலை எங்கே போட? குப்பையை அள்ளு, தெருவிளக்கைப் போடு, பக்கத்து ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தை வை. அப்புறம் எங்களுக்குச் சுத்தம் சொல்லலாம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிச் சாவு சுமார் 12 லட்சம். மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறவர்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்து இருளர்கள். 2023இல் அவர்களில் இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. மனைப்பட்டா கேட்டு மனுவோடு நிற்கிற இருளர்கள் இன்னும் கலெக்டர் ஆபீஸ் வாசலில்தான்.