சோம்பேறிப் பட்டமா சூட்டுவது?

பீங்கான் நகரம் என்று பெயர் பெற்ற ஊர் விருத்தாசலம். முதுகுன்றம் என்று இனிய தமிழ்ப் பெயர் இருந்தது. அதை வடமொழியாக்கி வைத்தனர். பெயர் மாறிற்று, மண் மாறவில்லை. அந்த மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் வேகவைத்து, பொம்மையாக, அகலாக, ஜாடியாக நாட்டுக்குத் தருபவன் தொழிலாளி.

அந்தத் தொழிலாளி ஒரு நாள் காய்ச்சலில் படுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் குடைச்சல். நாலே நாளில் காய்ச்சல் தணிகிறது. ஆனால் ஆள் எழவில்லை. மாதம் ஒன்றாகிறது, ஆறாகிறது, ஆண்டும் திரும்புகிறது. சற்றே தெம்பு வந்தது போலிருக்க, வேலைக்குப் போகிறான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மீண்டும் படுக்கை. இரத்தத்தைச் சோதித்தால் குற்றமில்லை. படம் பிடித்தால் பழுதில்லை.

முதலாளி சொல்கிறார், சோம்பேறி! மேஸ்திரி சொல்கிறார், நடிப்பு! பூசாரி சொல்கிறார், செய்வினை, கோழி கொண்டுவா! சோதிடர் சொல்கிறார், ஏழரைச் சனி! படித்த மருத்துவரும் சில வேளைகளில் சொல்கிறார், ஒன்றுமில்லை, எல்லாம் மனக்கவலை! ஆளுக்கொரு பட்டம் சூட்டுகிறார்கள். அவன் வீட்டு அடுப்பில் பூனை உறங்குகிறது.

அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்டோமா, தோழர்களே?

இளம்பிள்ளைவாதத்தை அறியாதார் நம்மில் இல்லை. அதை உண்டாக்கும் போலியோக் கிருமி ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. குடல் வழியே புகும் அந்தக் குடும்பத்துக்கு என்டெரோவைரஸ் என்று பெயர். கழிவு கலந்த நீரிலும் கழுவாத கையிலும் ஏறி வருவது அது. போலியோவை நாம் விரட்டினோம். மூன்று முறை சொட்டு மருந்து நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் போதாது, மேலும் கொடுக்கவேண்டும் என்று வேலூரிலிருந்து ஆராய்ந்து சொன்னவர் டாக்டர் ஜேக்கப் ஜான். 1995 இல் நாடு முழுதும் சொட்டு மருந்து நாள் வந்தது. 2011 சனவரி 13 க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமியால் அந்தக் கொடுமை காணப்படவில்லை. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. மாரியாத்தா விரட்டவில்லை, மருந்து விரட்டிற்று!

ஆனால் போலியோவின் உறவினர்கள் உயிரோடிருக்கிறார்கள். காக்சாக்கி என்றொரு கிருமி, 1948 இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அது இதயத் தசையைத் தாக்கவல்லது. அந்தக் கிருமி தன் மரபுச் சரத்தின் ஒரு முனையைச் சிறிது இழந்து, வேகம் குறைந்து, கூச்சலின்றி உயிரணுவுக்குள் தங்கிவிடக்கூடும் என்று 2005 அளவில் ஆய்வாளர்கள் காட்டினர். நார்வே நாட்டில், இன்சுலின் இன்றி வாழமுடியாத வகை நீரிழிவு அப்போதுதான் கண்ட 6 பேரின் கணையத்தை ஆராய்ந்தார்கள். ஆறு பேரிடமும் என்டெரோவைரசின் தடயம் இருந்தது. எதிர்ப்பாற்றல் குறைந்த ஓர் ஆங்கிலேயரின் குடலிலோ, சொட்டு மருந்திலிருந்த போலியோக் கிருமி 28 ஆண்டு குடியிருந்தது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் இவ்வளவு காலம் இருந்து நாம் கேள்விப்பட்டதில்லை!

நாட்பட்ட சோர்வு நோய்க்கு வருவோம். அமெரிக்காவில் டாக்டர் ஜான் சியா என்பவர், இந்நோயாளிகள் 165 பேரின் இரைப்பைத் திசுவை எடுத்துப் பார்த்தார். நூற்றுக்கு 82 பேரிடம் என்டெரோவைரசின் புரதம்; நலமுடையோரிடம் நூற்றுக்கு 20 அளவே. 2008 இல் இது வெளியாயிற்று. அதனால் நோயின் காரணம் கிடைத்துவிட்டதா? இல்லை. தேடியும் கிருமியைக் காணாத ஆய்வாளரும் உண்டு. பகுத்தறிவாளராகிய நாம், கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்லமாட்டோம். ஐயத்துக்கு இடமுண்டு, ஆராய்ச்சிக்கும் இடமுண்டு. ஏளனத்துக்கு மட்டும் இடமில்லை.

ஏளனம் செய்து பார்த்தவர்களின் கதை கேளுங்கள். 1955 இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர் ஏறத்தாழ 300 பேர் இத்தகைய நோயில் விழுந்தனர். மருத்துவமனையையே மூடினர். கிருமி அகப்படவில்லை. 1970 இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பேனாவை எடுத்தார்கள். நோயாளிகளைப் பார்க்கவில்லை, பழைய குறிப்பேடுகளைப் புரட்டினார்கள். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் மிகுதி, ஆகவே இது கூட்டு இசிவு மயக்கம் என்று தீர்ப்புக் கூறினார்கள்! பெண் என்றால் பேதைமை என்று எழுதிய மனுவுக்கு இலண்டனிலும் சீடர்கள் இருந்தார்கள் போலும். பிறகு, நாளுக்கு நாள் உடற்பயிற்சியைக் கூட்டு, சரியாகிவிடும் என்று மருந்து எழுதினார்கள். 2021 இல்தான் பிரிட்டன் அந்த முறையைக் கைவிட்டது. உழைப்புக்குப் பின் நோய் முற்றுவதே இந்நோயின் தலையாய அடையாளம்! "எழுந்து நாலு நாள் வேலை செய், உடம்பு தானே சரியாகும்" என்று மேஸ்திரி தரும் அறிவுரை, அவனை மேலும் வீழ்த்தும் அறிவுரை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பீங்கான் தொழிலாளிக்குச் சோர்வு என்றால் முதலில் பார்க்கவேண்டியது அவன் நுரையீரலை. மணல்தூசு படிந்து வரும் சிலிகோசிஸ், அதன் தோளில் கைபோட்டு வரும் காசநோய், இவை இல்லையென்று தெளிந்த பிறகே மற்றது. தூசுக்குப் பொறுப்பேற்கவேண்டிய முதலாளி, "எல்லாம் வைரஸ்" என்று தப்பிக்க நாம் வழிவிடமாட்டோம்.

ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் 34 நெடுநோய்களை வரிசைப்படுத்தி, நீண்ட கால உதவிக்கு வழி செய்தார்கள். இதயத் தசை நோய் அதில் உண்டு. நாட்பட்ட சோர்வு நோய் இல்லை. ஐந்தாறு பேர் உழைக்கும் பட்டறைக்கோ பொதுவாகக் காப்பீடே கட்டாயமில்லை. அந்தப் பட்டியலில் இந்நோயைச் சேர்க்கவேண்டும். சிறு பட்டறைத் தொழிலாளியையும் காப்பீட்டுக்குள் கொண்டுவரவேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று மருத்துவம் மக்களின் வாயிற்படிக்கு வந்த மாநிலம் இது. அந்த வழியிலே, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வருபவர் இன்னொன்றும் கேட்கட்டும்: காய்ச்சலுக்குப் பின் ஆறு மாதமாக எழமுடியாதவர் இவ்வீட்டில் உண்டா? விடையைக் குறித்துக்கொள்ளட்டும். கணக்கு எடுக்காத நோய்க்கு நிதி ஒதுக்குவார் யார்?

சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் தெருக்களை நகராட்சி உறுப்பினர்கள் நேரில் சென்று பார்க்கவேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த வாயிற்கூட்டத்தில், ஆறு மாதமாக வேலைக்கு வராதவர்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும். அவர்கள் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்குமுன் மருத்துவரிடம் அனுப்பினீர்களா என்று முதலாளியைக் கேட்கவேண்டும்.