எத்தனை? எத்தனை? என்கிறார்கள்!

தியாகராயர் நகரில், பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள சந்துகளில் ஜாக்கெட் தைக்கும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் மிஷின் முன் உட்கார்ந்தால் இரவு வரை கால் ஓயாது. சனிக்கிழமை கூலி வாங்கப் போனால் முதலாளி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை?" எத்தனை உருப்படி தைத்தாயோ அத்தனைக்குத்தான் கூலி. பீஸ் ரேட்! கைநோவுக்கு ரேட் இல்லை. கண்ணெரிச்சலுக்கு ரேட் இல்லை. நேர்த்தியாகத் தைத்தவனுக்கும், நெளிந்து வளைந்து தைத்தவனுக்கும் கணக்குப் புத்தகத்திலே ஒரே கோடுதான்.

இந்தப் பீஸ் ரேட்டு, தையல் மிஷினை விட்டு இறங்கி, பஸ் ஏறி, அடையாறு சென்று, ஆராய்ச்சிக்கூடங்களுக்குள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? நாமும் நம்பவில்லை, வாணியம்பாடியிலிருந்து அந்தப் பெரியவர் வரும்வரை.

தோல் ஷாப்பிலே முப்பது ஆண்டு உழைத்தவர் அவர். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று காலின் தோல் வெளுத்துப் போனவர். அவர் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் பிள்ளை, இன்று வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவன். ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். படிவத்திலே கேட்கிறார்களாம்: எத்தனை கட்டுரை? அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்? இதழின் செல்வாக்கு எண் என்ன? உன் 'எச்' குறியீடு என்ன?

"தம்பி, பையனுக்கு ஒன்பதாம். அது நல்லதா, கெட்டதா? காய்ச்சல் மாதிரி ஏறினால் ஆகாதா, ரத்தம் மாதிரி குறைந்தால் ஆகாதா?" என்று கேட்டார் பெரியவர்.

நாம் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்டவர்கள். பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேட்டதைச் சொல்கிறோம்.

2005இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் கண்டுபிடித்த அளவுகோல் இந்த 'எச்'. ஒருவர் எழுதிய கட்டுரைகளில் ஒன்பது கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்பது முறை பிறரால் எடுத்துக்காட்டப்பட்டிருந்தால், அவர் எண் ஒன்பது. அவ்வளவுதான் சூத்திரம்! இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு மேதை மூன்றே கட்டுரை எழுதுகிறார். ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர் எடுத்தாளுகிறார்கள். அவர் எண் மூன்று! இன்னொருவர் பத்துக் கட்டுரை எழுதுகிறார். ஒவ்வொன்றையும் பத்துப் பேர், அவருடைய நண்பர்களும் மாணவர்களுமாகவே இருக்கட்டும், குறிப்பிடுகிறார்கள். அவர் எண் பத்து! மூன்று பெரிதா, பத்து பெரிதா? பத்து என்கிறது படிவம். இந்த எண்ணால் எதிர்பாராத தீய விளைவுகளும் நேரலாம் என்று ஹிர்ஷே 2020இல் எழுதினார். பிள்ளையைப் பெற்றவரே கவலைப்படுகிறார். தத்தெடுத்தவர்கள்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.

இதற்கும் முன்னே ஒரு கதை உண்டு. யூஜின் கார்பீல்டு என்றொருவர், வேதியியல் படித்தவர். வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று பட்டியல் வைத்துப் பார்ப்பார்களே, அதே முறையை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். 1964இல் அவருடைய மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. எந்தக் கருத்து எங்கிருந்து எங்கே போயிற்று என்று தேட அது நல்ல கருவி. இதழின் செல்வாக்கு எண்ணும் அங்கே பிறந்ததுதான். எந்தெந்த இதழ்களை அட்டவணையில் சேர்ப்பது என்று பொறுக்கி எடுக்க வந்த எண் அது. பிறகு எந்த இதழை வாங்கலாம் என்று நூலகங்களும் பார்த்தன. இதழை எடை போட வந்த தராசிலே இன்று ஆளை ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள்!

நம் நாட்டிலே அதற்கு விலைப் பட்டியலே உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறையைப் பாருங்கள். அறிவியல் கட்டுரை ஒன்றுக்கு 8 புள்ளி. அதன்மேல் இதழின் செல்வாக்கு எண்ணைப் பார்த்துக் கூட்டல்: எண் 1க்குக் கீழே இருந்தால் 10, 2க்கும் 5க்கும் நடுவே இருந்தால் 20, 10ஐத் தாண்டினால் 30. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதினால் முதன்மையானவருக்கு 70 விழுக்காடு, மற்றவர்களுக்குத் தலா 30. காஜா எடுக்கும் பையனுக்கு இவ்வளவு, காலர் வைப்பவருக்கு இவ்வளவு என்று கடைச் சுவரிலே ஒட்டியிருக்குமே, அந்த அட்டைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சரி, இந்த அட்டையை எடுத்துக்கொண்டு சர்தார் படேல் சாலைக்கு வாருங்கள். அங்கே 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்திலே கிண்டி வளாகம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி. என். இராமச்சந்திரன், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் என்ன என்று தேடினார். தோலைத் தோலாக வைத்திருப்பது அந்தப் புரதம்தான். மாதிரிக்கு எங்கே போவது? அண்டை வீடு இருக்கிறதே! தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாங்கினார். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, மூன்று இழை முறுக்கிய கயிறுபோன்ற வடிவம் அது என்று உலகுக்கு அறிவித்தார். அந்த நிலையத்தின் அரங்கத்துக்கு இன்றும் 'முச்சுருள்' என்று பொருள்படும் பெயர்தான். மாட்டுத் தோலைத் தொட்டாலே தீட்டு என்று பரம்பரை பரம்பரையாய்ச் சொன்ன நாட்டிலே, தோலுக்குள்ளே இருப்பதைப் பார்த்து உலகம் வியந்தது!

1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எந்தக் கோணத்தில் முடியாது என்று காட்டும் படம் அதிலிருந்து வந்தது. இன்று உலகத்தில் எந்த மூலையிலும் உயிர்வேதியியல் படிக்கும் மாணவன் 'இராமச்சந்திரன் படம்' என்று சொல்லித்தான் படிக்கிறான். வேடிக்கை என்ன தெரியுமா? படத்தைப் போடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. பெயரைச் சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. ஊரெல்லாம் பரவிவிட்ட உண்மை கணக்கில் ஏறுவதில்லை! விதிமுறையின் அட்டையை விரித்தால் மூவரில் ஒருவருக்கு 70, மற்ற இருவருக்குத் தலா 30.

கடல் கடந்து ஜப்பானுக்குப் போனால் கொயிச்சி தனாக்கா. ஷிமாட்ஸு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். டாக்டர் பட்டம் கிடையாது. 2002இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு என்று அறிவித்தபோது, பட்டறை உடுப்போடே பத்திரிகைக்காரர்கள் முன் வந்து நின்றார். நம் படிவத்தை அவர் நிரப்பியிருந்தால் நேர்முகத் தேர்வுக்காவது கூப்பிட்டிருப்பார்களா?

பரிசு வாங்கியவர்களை விடுங்கள். நம் பெரியவரின் வாழ்க்கையோடு பிணைந்த வேதியியலைச் சொல்கிறோம். குரோம்பேட்டை என்ற பெயரைத் தினமும் சொல்கிறோமே, அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையின் பெயர்தான் அது. தோலுக்குக் குரோமியம் ஏற்றுவார்கள். பழைய முறையில் போட்டதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும், மீதி சாக்கடைக்கு. அது பாலாற்றுக்கு. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத ஆலைகள் இயங்கக்கூடாது என்றது. வாணியம்பாடியில், ஆம்பூரில், இராணிப்பேட்டையில் எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீரும் வேண்டும், சோறும் வேண்டும்! அப்போது அடையாற்று நிலையத்தின் இயக்குநர் தி. இராமசாமி. குரோமிய வேதியியலிலே ஊறியவர், 1993இல் பட்நாகர் பரிசு பெற்றவர். அவரும் தோழர்களும் ஆலைகளுக்கு இறங்கிப் போனார்கள். குரோமியத்தைத் தோலிலேயே கூடுதலாக ஏற்றுவது எப்படி, மிஞ்சியதை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது எப்படி என்று தொட்டி அருகே நின்று காட்டினார்கள். பாலாறு இன்னும் தேறவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்திலும் அதைப்பற்றி உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்கிறோம்: திறந்திருந்த ஒவ்வொரு ஆலையும் ஒரு மேற்கோள் இல்லையா? சாக்கடைக்குப் போகாமல் நின்ற ஒவ்வொரு பிடிக் குரோமியமும் ஒரு மேற்கோள் இல்லையா? எந்த அட்டவணையில் அதற்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள்?

பீஸ் ரேட் வந்தால் பீஸ் ரேட்டின் பாவமும் கூடவே வரும். 2008இல் திருப்பதியிலே ஒரு வேதியியல் பேராசிரியர் சில ஆண்டுகளுக்குள் வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் திருட்டும் புனைவும் என்று வெட்டவெளிச்சமாயிற்று. எழுபது! எண்ணிக்கையைப் பார்த்து எத்தனை பேர் மெச்சியிருப்பார்கள்! 2023இல் சென்னையிலுள்ள ஒரு பல்மருத்துவக் கல்லூரியைப்பற்றி 'சயின்ஸ்' இதழ் எழுதியது: தேர்வு அறையிலே மாணவர்களைக் கட்டுரை எழுதவைத்து, தங்கள் கல்லூரிக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டவைத்து, எண்ணை ஏற்றுகிறார்கள் என்று. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டாது என்பார்கள், இவர்களுக்கு எட்டியிருக்கிறது!

பணக்காரனுக்கு இன்னொரு வழி. 2020இல் 'நேச்சர்' இதழ், கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைக்க 9,500 யூரோ கட்டணம் என்று அறிவித்தது. நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கு மேல். பலர் படித்தால் பலர் மேற்கோள் காட்டுவார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர் எட்டு லட்சத்துக்கு எங்கே போவார்?

இவ்வளவும் சொன்னபின், "ஆகவே எண்ணைக் கொளுத்து" என்று நாம் முழங்குவோம் என எதிர்பார்க்கிறீர்களா? அதுதான் இல்லை!

எண் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? மயிலாப்பூர்க் கூட்டம், எழும்பூர்க் கூட்டம் என்று சென்னை மாகாண வரலாற்றிலேயே பெயர் பெற்ற குழுக்கள் இருந்தன. பதவி யாருக்கு என்பதை அவர்கள் முன்கூட்டத்தில் பேசி முடித்த காலம் உண்டு. "நம்ம பையன், நல்ல குடும்பம், எனக்குத் தெரியும்" என்ற மூன்று சொல்லிலே நியமனம் முடிந்துவிடும். அந்த அறைக்குள்ளே நுழையச் சொந்தபந்தம் இல்லாதவனுக்கு, "ஐயா, என்னிடம் பத்துக் கட்டுரை இருக்கிறது, அவரிடம் நான்கு" என்று மேசைமேல் வைக்க ஒரு எண்ணாவது கிடைத்தது. குருட்டு எண்தான், ஆனால் சாதி கேட்காத குருடு. கட்டை வண்டிதான், ஆனால் நம்மவனையும் ஏற்றிக்கொண்டது. அதை மறப்பதற்கில்லை.

ஆகவேதான் 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவைக் கண்டு நமக்கு ஐயம். புள்ளிக் கணக்கை எடுத்துவிடுகிறோம், தேர்வுக் குழு தகுதியை எடைபோடும், ஒன்பது வகைப் பங்களிப்பில் நான்கு இருந்தால் போதும் என்றது அது. கேட்கக் காதுக்கு இனிமை! ஆனால் அதே வரைவு, துணைவேந்தரைத் தேடும் குழுவின் தலைவரை வேந்தரே, அதாவது ஆளுநரே, நியமிப்பார் என்றும் சொன்னது. தேர்வுக் குழுவின் தலைமையில் உட்காருபவர் துணைவேந்தர். தராசை எடுத்துவிட்டு, தராசு பிடிக்கும் கையை டில்லி வைத்துக்கொள்கிறது என்றால், எடை எப்படி இருக்கும்? 2025 ஜனவரி 9ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, வெறும் வீம்புக்காக அல்ல.

நாம் கேட்பது பெரிதல்ல. மனுச் செய்தவன் தன் வேலையில் சிறந்தவை என்று மூன்றைத் தரட்டும். தேர்வுக் குழு அவற்றைப் படிக்கட்டும், எண்ணாமல் படிக்கட்டும்! ஆலைக்குப் போனது, ஆற்றைக் காத்தது, மாணவனை உருவாக்கியது எல்லாம் அதில் அடங்கட்டும். எடுத்ததற்கும் விட்டதற்கும் காரணத்தை எழுதி, மனுச் செய்தவன் கையிலே கொடுக்கட்டும். குழுவிலே ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதி பெயருக்கு அல்லாமல் வாக்குக்கு இருக்கட்டும். எண் வேண்டுமென்றால் ஓரத்திலே இருக்கட்டும், சாட்சியாக, நீதிபதியாக அல்ல. மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களிலே உட்காரும் நம் நண்பர்கள் இதை எழுப்பலாம். டில்லியின் தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

போன வாரம் பெரியவர் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஒன்பது போதுமா என்று மறுபடியும் கேட்டார். போதுமா என்று நமக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. பையனிடம், "உன் ஆராய்ச்சியில் என்ன கண்டாய், அப்பா நின்ற தொட்டிக்கு அதனால் என்ன ஆகும், ஒரு பக்கத்தில் எழுதிக் கையோடு கொண்டுபோ, எண்ணைப்பற்றிக் கேட்டால் அதை எடுத்து வை" என்றோம்.

"தமிழிலா அண்ணே, ஆங்கிலத்திலா?" என்று கேட்டான்.

இரண்டிலும் எழுதச் சொன்னோம். தமிழில் எழுதியதை முதலில் அப்பாவிடம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.