மனை பார்க்க கார்த்திகையில வாங்க

எங்க ஊர்ப்பக்கம் மனை பார்க்க வர்றவங்க பெரும்பாலும் சித்திரை, வைகாசியிலதான் வர்றாங்க. அந்த நேரத்துல அடையாறு சீமைக்கருவேலம் மண்டின ஒரு பள்ளம், அவ்வளவுதான். கரையிலயே நின்னுக்கிட்டு "ஆறு எங்கங்க இருக்கு?"ன்னு கேட்டவங்களும் உண்டு. அவங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது. இது மலையில பிறந்த ஆறு இல்ல. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழியா வழியிற தண்ணிதான் இங்க ஆறு. நீளமும் 42 கிலோமீட்டர் சொச்சம்தான். வருஷ மழையில பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கொட்டித் தீர்த்துடும். மத்த மாசமெல்லாம் ஆறு கண்ணுக்கே தெரியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பத்திப் பேசினா செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து விட்டதுலதான் எல்லாரும் போய் நிக்கிறாங்க. திறந்தது உண்மை, அதுல கேக்க வேண்டிய கேள்வியும் இருக்கு. ஆனா அந்த உபரித் தண்ணி ஆத்துல கலக்குறது திருநீர்மலைகிட்ட. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதுக்கு மேல இருக்கு. அங்க வீடுகளை முழுகடிச்சது மேற்கால இருக்கிற ஏரிகளோட தண்ணி. தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை; நிலமோ தட்டு மாதிரி சமதளம். வாட்டம் குறைஞ்ச பூமியில தண்ணி ஓடாது, பரவும். பரவுறதுக்குன்னு விட்ட இடம்தான் எங்க நஞ்சையும் தாங்கலும்.

அந்த இடத்தைத்தான் இப்போ மனையாக்கி விக்கிறாங்க. முதல் வேலையா நாலடிக்குக் கிராவல் கொட்டி மேடாக்கிடுறாங்க. மனை தப்பிச்சுடுது. ஒதுக்கப்பட்ட தண்ணி பக்கத்து வயல்ல ஏறி நிக்குது. நட்ட பயிர் ஒரு வாரம் முழுகிக் கிடந்தா அழுகிடும். எனக்கு ரெண்டு தடவை அப்படிப் போச்சு. மனு கொடுத்தேன். பதில் வர்றதுக்குள்ள அடுத்த வயலும் மேடாயிடுச்சு.

வாங்குறவங்க ஒண்ணு செய்யலாம். பத்திரத்தோட புலப்படத்தையும் கேளுங்க, வாய்க்கால் புறம்போக்கு எங்க போகுதுன்னு அதுல இருக்கும். அப்புறம் 2015-ல தண்ணி ஏறின மட்டத்தை ஒவ்வொரு தெருவுலயும் குறிச்சு வைக்கணும்னு ஊராட்சியைக் கேக்கணும். எங்க தெரு மின்கம்பத்துல நானே நீலப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டிருக்கேன், என் தோள் உயரத்துக்கு. மனை புரோக்கர் ஒருத்தர் அதை ரெண்டு தடவை அழிச்சுட்டாரு. பெயிண்ட் டப்பா இன்னும் பாதி இருக்கு.